நாய்க்கு மைக்ரோசிப்: சட்டம் வரும்முன் டெல்டாவில் செய்ய வேண்டியவை

வளர்ப்பு நாய்க்கு மைக்ரோசிப் போடுவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டுமா என்று கேட்டால், ஆக்க வேண்டும் என்பதே எங்கள் பதில். ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் மாட்டாஸ்பத்திரிதோறும் ஸ்கேனர் வர வேண்டும். அடுத்து மாநிலம் முழுக்க ஒரே பதிவேடு. பிறகு சிப். அபராதம் கடைசியில். இந்த வரிசை புரண்டால் யாரும் படிக்காத ஓர் எண் நாயின் தோலுக்கடியில் கிடக்கும். நாய் காணாமல் போகிற அன்று அது எதற்கும் உதவாது.

சென்னை மாநகராட்சி 2025-ல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. உரிமம் எடுக்காவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. தஞ்சாவூர், கும்பகோணம் மாநகராட்சிகளும் மற்ற டெல்டா நகராட்சிகளும் நாளைக்கு இதே வழியில் வரலாம். வருகிறதோ இல்லையோ, உங்கள் நாய்க்கு இப்போதே போட்டுவைப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. முறையாகப் போட வேண்டும், அவ்வளவுதான். அந்த முறையையும், ஊர் நிர்வாகங்கள் இதைச் சட்டமாக்கும்போது கவனிக்க வேண்டியதையும் இங்கே சொல்கிறோம்.

சிப் எதைச் செய்யும், எதைச் செய்யாது

வழக்கமான சிப் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். ஓர் அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஜாதி நாய்களுக்கு 8 மில்லிமீட்டர் நீளம், 1.4 மில்லிமீட்டர் தடிமனில் சிறிய வகையும் கிடைக்கிறது. உடம்பு ஒதுக்காத கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு கம்பிச்சுருளும் ஒரு நுண்சில்லும் இருக்கும். பேட்டரி கிடையாது. ஸ்கேனரைக் கிட்டே கொண்டுபோகும்போது அதன் அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு, தன்னிடம் உள்ள 15 இலக்க எண்ணைத் திருப்பி அனுப்பும். மற்ற நேரமெல்லாம் சும்மா கிடக்கும்.

நாய் எங்கே ஓடுகிறது என்று இது காட்டாது. ஜிபிஎஸ் வேறு, இது வேறு. சிப் போட்டால் நாயைச் செல்போனில் தேடிப் பிடித்துவிடலாம் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். செல்போனால் இந்தச் சிப்பைப் படிக்கவும் முடியாது. போனில் உள்ள என்எஃப்சி, அதாவது கிட்டே வைத்தால் படிக்கும் வசதி, 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, நாய்ச் சிப் 134.2 கிலோஹெர்ட்ஸில். இரண்டும் ஒன்றோடொன்று பேசாது.

அதனால் கழுத்துப் பெல்ட்டும், போன் நம்பர் பொறித்த தகடும் சிப் போட்ட பிறகும் இருக்க வேண்டும். வலங்கைமான் பக்கம் வயல் வரப்பில் உங்கள் நாயைப் பார்க்கிறவர் கையில் ஸ்கேனர் இருக்காது, கண்தான் இருக்கும். தகட்டைப் பார்த்து அவர் கூப்பிடுவார். பெல்ட் அறுந்து, வேலியில் மாட்டித் தகடு கழன்றுபோன பிறகு மிஞ்சுவதுதான் சிப்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது

ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில் உள்ள சிப்தானா என்று டாக்டரிடம் கேளுங்கள். உறையிலேயே அச்சிட்டிருக்கும். எண் 15 இலக்கம் இருக்க வேண்டும். 9 அல்லது 10 இலக்கம் உள்ள பழைய வகை 125 கிலோஹெர்ட்ஸ் சிப்புகளை இங்குள்ள பல ஸ்கேனர்கள் படிக்காது.

முதல் மூன்று இலக்கத்தைக் கவனியுங்கள். அது நாட்டு எண்ணாக இருக்கலாம், இந்தியாவுக்கு 356. அல்லது 900-லிருந்து 998 வரை தயாரிப்பாளரின் எண்ணாக இருக்கலாம். இரண்டும் செல்லும். 999 என்று தொடங்கினால் அது சோதனைக்கான சிப், நாய்க்குப் போடக் கூடாது. தயாரிப்பாளர்களுக்கு எண் ஒதுக்கும் பொறுப்பு ஐகார் எனப்படும் பன்னாட்டு அமைப்பிடம் இருக்கிறது. அதில் பதிவில்லாத தயாரிப்புகள் இணையக் கடைகளில் மலிவாகக் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரே எண் இரண்டு சிப்பில் இருக்காது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. முகாமுக்காக மொத்தமாக வாங்கும் பஞ்சாயத்துகளும் சங்கங்களும் இந்த இடத்தில் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது.

குட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான 2017-ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி, வளர்த்து விற்பவர்தான் சிப் போட்டு, பதிவு வைத்து, குட்டியைக் கொடுக்க வேண்டும். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. வளர்ப்பு நாய்க்கெல்லாம் சிப் கட்டாயமா என்பதைப் பற்றி ஊரே பேசுகிறது. விற்கிறவருக்கு அது ஏற்கெனவே கட்டாயம் என்பது பலருக்குத் தெரியவில்லை. காசு கொடுக்கும் முன் ஸ்கேன் செய்து காட்டச் சொல்லுங்கள். சான்றிதழில் உள்ள எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

விலை கேட்கும்போது சிப், போடும் கூலி, பதிவுக் கட்டணம் மூன்றும் சேர்த்தா, தனித்தனியா என்று கேளுங்கள். பதிவைத்தான் வழக்கமாக விட்டுவிடுகிறார்கள்.

எப்போது, எங்கே

8 வாரம் ஆன குட்டிக்குப் போடலாம். 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசிக்குக் கொண்டுபோகும்போதே சேர்த்துப் போட்டுவிடுவது எல்லோருக்கும் வசதி. முதலில் சிப், அடுத்து தடுப்பூசி. வெளிநாட்டுப் பயணம் பற்றிச் சொல்லும்போது இந்த வரிசையின் அருமை தெரியும். தொட்டாலே கடிக்க வருகிற நாய் என்றால், கருத்தடை ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போது போடுவது நல்லது. நாய்க்கும் பயமில்லை, டாக்டருக்கும் ஆபத்தில்லை.

காலம் என்று பார்த்தால், ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் தீபாவளி வெடிச் சத்தத்துக்கு மிரண்டு சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும் நாய்கள் அதிகம். அதோடு ஒட்டியே வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். வாய்க்கால் உடைத்துத் தெருவில் தண்ணீர் ஏறினால் கட்டிப்போட்ட நாயை அவிழ்த்துவிடத்தான் செய்வோம். அவிழ்த்துவிட்டது எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கஜா கரையேறியபோது ஓடு பறந்து, கொட்டகை விழுந்து, மனிதர்களே முகாம்களில் இருந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் பெல்ட்டும் தகடும் நிற்காது. தோலுக்குள் இருப்பது நிற்கும்.

ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. மாவட்டத் தலைநகர்களிலும் பெரிய ஊர்களிலும் அரசு மருத்துவமனைகளும் தனியார் கிளினிக்குகளும் உண்டு. எங்கே போனாலும், கிளம்பும் முன் போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள்: சிப் கையிருப்பு இருக்கிறதா? உங்களிடமே ஸ்கேனர் இருக்கிறதா? ஸ்கேனர் இல்லாத இடத்தில் சிப் போட்டுக்கொள்ளாதீர்கள். போட்டது உள்ளே இருக்கிறதா, வெளியே விழுந்ததா என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது.

மேசையில் நடப்பது

முதல் வேலை, நாயையே ஸ்கேன் செய்வது. வாங்கிய நாய், தத்தெடுத்த நாய், வழி தவறி வந்த நாய் எதுவானாலும் ஏற்கெனவே சிப் இருக்கலாம். இருந்தால் இரண்டாவது வேண்டாம்; பழைய எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஒரே நாய்க்குள் இரண்டு எண் இருந்தால் ஸ்கேனர் ஒரு நேரம் இதையும் ஒரு நேரம் அதையும் காட்டும்.

இரண்டாவது, உறை பிரிக்காத சிப்பை ஸ்கேன் செய்வது. திரையில் வரும் எண்ணும், உறையில் உள்ள பார்கோடு ஸ்டிக்கரின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். உறையில் போட்ட காலாவதித் தேதியையும் பாருங்கள். தேதி கடந்த சிப் வேலை செய்யலாம். ஆனால் ஊசி கிருமி நீக்கிய நிலையில் இருக்கிறது என்று நம்ப முடியாது.

நாய்க்குச் சரியான இடம் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, முதுகின் நடுக்கோட்டில். அங்கே தோல் தளர்வாக இருக்கும், வலி குறைவு. ஐரோப்பாவின் பல நாடுகளில் கழுத்தின் இடது பக்கம் போடுவார்கள். அங்கிருந்து வந்த நாயை ஸ்கேன் செய்யும்போது இது நினைவிருக்கட்டும்.

முடியை விலக்கி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, காய விட வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரிச்சலில் நாய் உதறும். டாக்டர் இடது கையால் பிடரித் தோலைக் கூடாரம் போலத் தூக்குவார். ஊசி சாதாரண ஊசியைவிடத் தடிமனாக இருக்கும், பார்த்துப் பயப்பட வேண்டாம். தோலுக்கும் தசைக்கும் இடையில் சாய்வாக முழு நீளமும் உள்ளே போன பிறகுதான் பின்தண்டை அழுத்த வேண்டும். பாதி நுழைந்தபோதே அழுத்தினால் சிப் துளைக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். தூக்கிய தோலின் மறுபக்கம் ஊசி வெளியே வந்துவிட்டால் சிப் முடிக்குள் விழும். அடர்ந்த முடி உள்ள நாய்களில் இதை யாரும் கவனிக்காமல் போவதுண்டு.

ஊசியை உருவும்போதுதான் பெரும்பாலும் பிசகுகிறது. பின்தண்டை முழுக்க அழுத்தி, ஊசி வெளியே வரும்போதே இன்னொரு கை விரலால் துளையை மூடிப் பிடிக்க வேண்டும். அவசரமாக இழுத்தால் ஊசியோடு சேர்ந்து சிப்பும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். ஒரு சொட்டு ரத்தம் வரலாம், அது சாதாரணம்.

கடைசியாக மறுபடி ஸ்கேன். திரை, ஸ்டிக்கர், தடுப்பூசிப் புத்தகம் மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று நீங்களே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒரு ஸ்டிக்கர் புத்தகத்தில், ஒன்று மருத்துவமனைப் பதிவேட்டில், ஒன்று உங்கள் கையில். ஸ்டிக்கர் ஒட்டாமல் கையால் எழுதினால் 15 இலக்கத்தில் ஒன்று பிசகுவதற்கு வாய்ப்பு அதிகம். எழுதியே ஆக வேண்டும் என்றால் 3, 4, 4, 4 என்று பிரித்து எழுதுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்று முழுக்க அந்த இடத்தைத் தடவவோ, தூக்கவோ வேண்டாம். இரண்டு நாள் குளிப்பாட்டாதீர்கள். நம் ஊர் நாய்கள் வாய்க்காலிலும் நாற்றங்கால் சேற்றிலும் இறங்கிவிடும். அந்த இரண்டு நாள் கட்டியே வையுங்கள். தோளில் மாட்டும் வார்ப்பட்டை வேண்டாம், கழுத்துப் பெல்ட் போதும். முதுகில் ஊற்றும் உண்ணி மருந்தும் இதே இடத்தில்தான் ஊற்றுவது. அதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

சின்ன வீக்கம் ஓரிரு நாளில் வடிந்துவிடும். சீழ், சூடு, தொட்டால் கத்துவது இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சுற்றியுள்ள திசு சிப்பைப் பற்றிக்கொள்ளச் சில வாரம் ஆகும். அதற்குள் அது கொஞ்சம் நகரலாம், தோள்பக்கமோ முன்கால் பக்கமோ இறங்கலாம். நகர்ந்தாலும் ஆபத்தில்லை, ஆனால் ஸ்கேன் செய்கிறவர் அங்கேயும் தேட வேண்டும். ஒரு மாதம் கழித்து ஒருமுறையும், அப்புறம் ஆண்டுதோறும் தடுப்பூசிக்குப் போகும்போதும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை.

சிப்பால் புற்றுநோய் வருமா என்று கேட்கிறார்கள். நாய்களில் அப்படிப் பதிவானவை மிக மிக அரிது. வருடக்கணக்கில் உலகம் முழுக்க நாய்களுக்குப் போட்டு வருகிறார்கள். இந்தப் பயத்தால் போடாமல் இருக்க வேண்டியதில்லை.

எண்ணுக்குப் பின்னால் இருக்க வேண்டிய பதிவு

சிப் போட்டாயிற்று என்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களே அதிகம். சிப்புக்குள் உங்கள் பெயரும் இல்லை, போன் நம்பரும் இல்லை. வெறும் எண். அந்த எண் யாருடையது என்பது ஒரு பதிவேட்டில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

அமெரிக்காவில் 53 காப்பகங்களில் நடத்தி 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. வழி தவறி வந்த நாய்களில் பொதுவாக 21.9 சதவீதம் உரியவரிடம் திரும்பின. சிப் போட்ட நாய்களில் 52.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் சிப் இருந்தும் உரியவரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு என்ன காரணம் என்று பார்த்தபோது, முதலிடத்தில் இருந்தது தவறான, அல்லது துண்டிக்கப்பட்ட போன் நம்பர்: 35.4 சதவீதம். எந்தப் பதிவேட்டிலும் சேர்க்காமலே விட்டது 9.8 சதவீதம். சிப் கெட்டுப்போனது பெரிய பிரச்சினை இல்லை, மனிதர்கள் நம்பர் மாற்றியதுதான் பிரச்சினை.

டெல்டாவில் இது இன்னும் கூர்மையான விஷயம். வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் ஊர்கள் இவை. நாயை வாங்கியவர் தன் நம்பரைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவார். அந்த சிம் மூன்று மாதத்தில் செத்துவிடும். எனவே இரண்டு நம்பர் கொடுங்கள். ஒன்று வீட்டிலேயே இருக்கும் ஆளுடையது: அம்மாவோ, அப்பாவோ, நாய்க்குச் சோறு வைக்கிறவர் யாரோ அவருடையது. இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உறவினருடையது. புயல் அடித்து வேளாங்கண்ணிப் பக்கம் டவர் விழுந்தாலும் திருச்சியில் இருக்கும் தங்கை போனை எடுப்பாள்.

பதிவில் இருக்க வேண்டியவை: எண், போட்ட தேதி, உடம்பில் போட்ட இடம், போட்ட டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும், நாயின் பெயர், ஆணா பெண்ணா, நிறம், மறையாத அடையாளம், கருத்தடை ஆனதா, கடைசி வெறிநோய்த் தடுப்பூசியின் தேதி, மருந்தின் தொகுதி எண், அடுத்த தேதி. நிறத்தை மட்டும் எழுதினால் போதாது. செவலை நாய் என்றால் எல்லாமே செவலைதான். இடது முன்பாதம் வெள்ளை, வலது காது மடிந்தது என்று எழுதுங்கள்.

இந்தியாவில் எல்லா வளர்ப்பு நாய்களையும் சேர்க்கும் ஒரே கட்டாயத் தேசியப் பதிவேடு இல்லை. சிப் நிறுவனத்தின் தளத்தில் ஒரு பதிவு, மாநகராட்சி உரிமத்தில் ஒரு பதிவு, மருத்துவமனை ஏட்டில் ஒன்று என்று சிதறிக் கிடக்கிறது. எங்கெல்லாம் பதிய முடியுமோ அங்கெல்லாம் பதிந்து, ரசீதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். அட்டையை ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையிலேயே வைத்துவிட்டால் வெள்ளத்தின்போது தானாகவே கையோடு வரும்.

நாயை வேறொருவருக்குக் கொடுத்தால் ஒரு வாரத்துக்குள் பெயர் மாற்றுங்கள். இறந்துபோனால் அதையும் சொல்லி நீக்குங்கள். அப்படிச் செய்யாவிட்டால், நீங்கள் எப்போதோ கொடுத்த நாய் யாரையோ கடித்தாலும் விசாரணை உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

ஸ்கேன் செய்யும் முறை

சிப் இருந்தும் இல்லை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஸ்கேன் செய்த அவசரத்தால். உலோகச் சங்கிலியையும் பெல்ட்டையும் முதலில் கழற்ற வேண்டும். உலோகம் அலையைக் கெடுக்கும். கம்ப்யூட்டர் திரை, டியூப் லைட்டின் சோக் அருகில் வேண்டாம். ஸ்கேனரை முடியை ஒட்டிப் பிடித்து, இரண்டு நொடிக்கு ஒரு சாண் என்ற வேகத்தில் நகர்த்துங்கள். முதலில் தோள்களுக்கு நடுவே. பிறகு கழுத்தின் இரு பக்கம், தோள்கள், முன்கால் முட்டி வரை, மார்பு, முதுகு. ஒருமுறை தலையிலிருந்து வால் நோக்கி நெடுக்காக, மறுமுறை குறுக்காக. சிப் கிடக்கும் கோணமும் ஸ்கேனரின் கோணமும் பொருந்தாவிட்டால் ஒரு திசையில் படிக்காதது மறு திசையில் படிக்கும். கொழுத்த நாய்க்கு இன்னும் நிதானம் வேண்டும்.

சார்ஜ் குறைந்த ஸ்கேனர் வழக்கமாகப் படிக்கும் தூரத்திலேயே தடுமாறும். எண் தெரிந்த ஒரு சிப்பை மேசையில் வைத்திருந்து, தினமும் காலையில் அதைப் படித்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினால் இந்தக் குழப்பம் வராது.

வெளிநாடு கொண்டுபோகிறவர்களுக்கு

சுருக்கமாக: சிப் முதலில், வெறிநோய்த் தடுப்பூசி அதற்குப் பின்னால், அல்லது அதே நாளில். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சிப் போடும் முன் போட்ட தடுப்பூசி கணக்கில் சேராது. மறுபடி போட வேண்டும். இந்தியாவிலிருந்து போகும் நாய்க்கு, தடுப்பூசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருப்பதை அங்கீகரித்த ஆய்வகத்தில் நிரூபிக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, விசா வந்த பிறகு நாயைப் பற்றி யோசித்தால் நாய் ஊரிலேயே நின்றுவிடும். சிங்கப்பூரும் அமீரகமும் கூடச் சிப் கேட்கின்றன; அவற்றின் விதிகளை அந்தந்த நாட்டின் அதிகாரத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டமாக்க நினைக்கும் ஊர்களுக்கு

இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் 6 முதல் 8 வாரத்துக்கு மேற்பட்ட எல்லா நாய்க்கும் சிப் கட்டாயம். போடாவிட்டால் உடனே தண்டனை இல்லை. 21 நாள் அவகாசம் தரும் அறிவிப்பு வரும். அதையும் மீறினால் 500 பவுண்டு வரை அபராதம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 21 நாளை. அங்கே பல நிறுவனங்கள் தனித்தனிப் பதிவேடு நடத்துவதால் ஓர் எண்ணை எதில் தேடுவது என்ற சிக்கலும் இருக்கிறது. அதை இங்கே இறக்குமதி செய்ய வேண்டாம். மாநிலத்துக்கு ஒரே பதிவேடு போதும். மாடுகளுக்குக் காதில் 12 இலக்க எண்ணுள்ள மஞ்சள் வில்லை போட்டு, நாடு முழுக்க ஒரே கணினிப் பதிவில் ஏற்றும் பழக்கம் கால்நடைத் துறைக்கு ஏற்கெனவே இருக்கிறது. நாய்க்கு அதைச் செய்வது புது வித்தை இல்லை.

ஆனால் மாடு ஒரு வீட்டுக்குச் சொந்தம். நம் கிராமத்து நாய் அப்படியில்லை. காலையில் ஒரு வீட்டில் பழையசோறு, மதியம் டீக்கடை வாசல், ராத்திரி களத்து மேட்டில் நெல்லுக்குக் காவல். கேட்டால், "எங்க வீட்டு நாய்தான், ஆனா நாங்க வளர்க்கல" என்பார்கள். மோட்டார் கொட்டகையில் கட்டிப்போட்ட நாய் யாருடையது என்பதில் சந்தேகமில்லை. இந்த அரைகுறை உறவில் இருக்கும் நாய்தான் ஊரில் அதிகம். முதல் நாளே ஆயிரக்கணக்கில் அபராதம் என்று அறிவித்தால், இத்தனை நாள் சோறு வைத்தவர் "அது தெருநாய் சார்" என்று ஒதுங்கிவிடுவார். அதோடு தடுப்பூசியும் நின்றுபோகும். நாயைக் குறைத்ததாகவும் ஆகாது, வெறிநோயைக் குறைத்ததாகவும் ஆகாது.

எனவே முதல் இரண்டு ஆண்டு சிப் இலவசமாக, வெறிநோய்த் தடுப்பூசியோடு சேர்த்துப் போட வேண்டும். பதிவு செய்தால் ஏதாவது கிடைக்கிறது என்று மக்களுக்குத் தெரிய வேண்டும்: நாய் பிடிக்கும் வண்டி தவறிப் பிடித்தால் போன் வரும், கருத்தடைக்கு முன்னுரிமை கிடைக்கும் என்று. யாரும் சொந்தம் கொண்டாடாத நாய்கள் 2023-ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்கீழ் வருகின்றன. அவற்றைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, அடையாளம் இட்டு, பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விட வேண்டியது உள்ளாட்சியின் கடமை. ஒருநாள் சோறு வைத்தார் என்பதற்காக ஒருவரை உரிமையாளராக்கிச் சிப் போட்டுவிடக் கூடாது.

கைவிடுவதைத் தடுப்பதில்தான் கட்டாயத்தின் உண்மையான பலம். வளர்த்த நாய்க்குச் சொறி வந்ததும், வயதானதும், வண்டியில் ஏற்றி வேறு ஊர் எல்லையில் இறக்கிவிட்டுப் போவது நடக்கிறது. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது குற்றம். குற்றம் என்று எழுதி வைத்து என்ன பயன், யார் நாய் என்று நிரூபிக்க வழி இல்லாதவரை? சிப் அந்த வழியைத் தருகிறது. ஒரு நாயால் மற்றவருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளாத உரிமையாளர் மீது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 291-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. அங்கும் முதல் கேள்வி, நாய் யாருடையது என்பதே.

ஸ்கேனர் எங்கெங்கே வேண்டும் என்றால்: ஒவ்வொரு கால்நடை மருந்தகம், 1962 என்ற எண்ணில் கூப்பிடும் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி, நாய் பிடிக்கும் வண்டி, கருத்தடை மையம். பதிவேட்டில் போன் நம்பரைப் பார்க்கும் உரிமை இவர்களுக்கு மட்டும் போதும். பொதுமக்கள் எண்ணைப் போட்டால் பதிவு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும். யார் வீட்டில் நாய் இருக்கிறது என்ற தகவல் திருடனுக்கும் பயன்படும்.

முகாம் நடத்த நல்ல நாட்கள் ஜூலை 6, செப்டம்பர் 28. விலங்குவழி நோய்கள் தினமும் வெறிநோய் தினமும் அவை; தடுப்பூசிக்கு மக்கள் நாயோடு வருவார்கள். ஒரு குழுவுக்கு டாக்டர் ஒருவர், நாயைப் பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். ஒரு நாய்க்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் காலை 7 முதல் 11 வரை 24 நாய். அதற்கு மேல் டோக்கன் கொடுக்காதீர்கள். எண்ணிக்கை காட்டுவதற்காக ஓட்டினால் கெட்டுப்போவது எழுதும் மேசைதான். பத்து நாயின் ஸ்டிக்கர் பத்து பேர் பெயருக்கு மாறிப்போகும். 11 மணிக்கு மேல் வெயிலில் நாய்கள் மூச்சிரைக்கும், சண்டை போடும்.

வாய்க்கட்டுக்கு ஒரு மீட்டர் பருத்தி பேண்டேஜ் துணி போதும். சுருக்கு வளையம் போட்டு மூக்கின் மேல் இறக்கி, மேலே ஒரு முடிச்சு. முனைகளைத் தாடைக்குக் கீழே குறுக்காகக் கொண்டுபோய் காதுக்குப் பின்னால் இழுத்தால் அவிழும் முடிச்சாகக் கட்ட வேண்டும். நாய் வாயால் மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். வேலை முடிந்த நொடி அவிழ்த்துவிடுங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்தக் கட்டு கூடாது, துண்டால் கழுத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். பயன்படுத்திய ஊசிகளுக்குத் துளைபடாத டப்பா மேசைக்கு ஒன்று.

நாயைக் கண்டெடுத்தால், கடிபட்டால்

பெல்ட் போட்ட, அல்லது பழகிய நாய் வழி தவறி வந்தால் நிழலில் கட்டி, தண்ணீர் வைத்து, பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். எண் வந்தால் அதை முழுதாகச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். கடைசி நான்கு இலக்கத்தை மறைத்துவிடுங்கள். என் நாய் என்று வருபவரை அந்த நான்கைச் சொல்லச் சொன்னால், உரியவர் யார் என்று தெரிந்துவிடும்.

நாய் கடித்துவிட்டால் சிப்பைத் தேடுவது இரண்டாவது வேலை. முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிப் எண்ணை வைத்து நாயின் தடுப்பூசி விவரம் கிடைத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் விவரம் வரட்டும் என்று உங்கள் ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். நாயை 10 நாள் கண்காணிக்க வேண்டும். அந்த 10 நாளும் நாயைக் கட்டி வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார் என்பதைப் பதிவேடு சொல்லும். கடிபட்டவரின் வீட்டார் தெருத்தெருவாக விசாரித்து அலைய வேண்டியிருக்காது.